கற்பிக்கும் தாயும் கற்கும் தாயும்: இலக்கியத்தில் தாய்மை பற்றிய ஒரு நோக்கு

1

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாட் கிரியைகள் நிகழும்போது, 'கல்வெட்டு' என்னும் பெயரில் ஒரு சிறு நூலை அச்சிட்டு வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மறைந்தவர் ஒரு தாயாராயின், அந்நூலில் என்ன இருக்கும் என்பதை அதனைத் திறவாமலே நாம் பெரும்பாலும் கூறிவிடலாம். திதி வெண்பா, தோத்திரப் பாடல்கள், குலமுறை விவரம் ஆகியவற்றின் பின்னர் பிள்ளைகளின் புலம்பல் இடம்பெறும். பொறுமையைக் கற்றுத் தந்தாய், சிக்கனத்தைக் கற்றுத் தந்தாய், பெரியோரை மதிக்கவும் வந்தாரை உபசரிக்கவும் கற்றுத் தந்தாய் என்று அப்புலம்பல் தொடரும். அச்சகத்தில் ஏற்கெனவே உள்ள பாடல்களிற் பெயரை மட்டும் மாற்றி அச்சிடுவதும் உண்டு.

இந்நூல்களை ஏளனஞ் செய்வது நம் நோக்கமன்று. துயரம் தனக்குக் கிடைத்த சொற்களிலேயே தன்னை வெளிப்படுத்தும். எனினும் இத்தகைய நூல்கள் பலவற்றை ஒருங்கே வைத்து வாசிக்கும் ஒருவர் ஓர் உண்மையை எதிர்கொள்ளாதிருத்தல் இயலாது. அவற்றில் வரும் தாயர் அனைவரும் ஒரே தாயாகவே உள்ளனர். மீன் விற்றவளும் ஆசிரியையாகப் பணியாற்றியவளும், தோட்டம் கொத்தியவளும் தோட்டத்துக்குச் சொந்தக்காரியும் ஒரே பொறுமையையே கற்பித்துச் சென்றுள்ளனர். அவர்கள் எதனைக் கற்றனர், யாரிடமிருந்து கற்றனர், எந்த வயதில் எந்தக் கருத்தை மாற்றிக்கொண்டனர் என்பன பற்றி ஒரு வரியேனும் இல்லை. தாய் என்பவள் பிறக்கும்போதே எல்லாம் அறிந்தவளாகப் பிறந்து, அறிந்தவற்றைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மறைந்து போகின்றாள்.

கல்வெட்டுப் பாடல்களிற் காணப்படும் இக்குறைபாடு அவற்றுடன் நின்றுவிடுவதன்று. நமது நவீன இலக்கியத்திலும், முற்போக்கு இலக்கியம் எனப்படுவதிலும்கூட, தாய் பெரும்பாலும் கற்பிப்பவளாகவே வருகின்றாள். கற்பவளாக வருவது அரிது. இவ்வேறுபாடு அற்பமானதன்று என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வதாகும். எங்கே ஒரு தாய் கற்பிப்பவளாக மாத்திரம் நிறுத்தப்படுகின்றாளோ, அங்கே அவள் வாயினூடாக வேறொருவர் பேசுகின்றார். எங்கே அவள் கற்பவளாகக் காட்டப்படுகின்றாளோ, அங்கேதான் அவளிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டு. புறநானூற்றின் மறத்தாயர், மாக்ஸிம் கார்க்கியின் நீலவ்னா, பேர்டோல்ட் பிறெக்ட்டின் 'தைரியத் தாய்' ஆகிய மூன்று உருவங்களை இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல் பயனுடையதாகும்.

2

தாய் பிள்ளைக்குக் கற்பிப்பவை எங்கிருந்து வருகின்றன? அவை இயல்பூக்கத்திலிருந்து வருவன என்பது பொதுவான நம்பிக்கை. 1884 இல் வெளிவந்த 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்னும் நூலில் ஏங்கெல்ஸ் குடும்பத்தை வரலாற்றுக்கு உட்பட்ட ஒரு நிறுவனமாக நோக்கியதன் பின்னர், அந்நம்பிக்கையை அப்படியே ஏற்றல் நமக்குச் சாத்தியமன்று. உழைப்பாளி ஒருவன் மறுநாட் காலை மீண்டும் வேலைக்குச் செல்லக்கூடியவனாக இருப்பதற்கு உணவும் உறக்கமும் ஆறுதலும் வேண்டும். நாளைய உழைப்பாளி இன்று வளர்க்கப்படவும் வேண்டும். கூலியின்றி நடைபெறும் இவ்வேலையின் பெரும்பகுதி தாயின் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது. பிள்ளைக்கு அவள் சொல்லிக் கொடுப்பவை இவ்வேலையிலிருந்தே பிறக்கின்றன.

மலையகப் பெருந்தோட்டம் ஒன்றினை உதாரணமாகக் கொள்வோம். விடியுமுன் எழுந்து, அடுப்பை மூட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துக் கொழுந்தெடுக்கச் செல்லும் ஒரு தாய் தன் மகளுக்கு இரண்டு வகையான பாடங்களைக் கற்பிக்கின்றாள். விரல் நோகாமற் கொழுந்தைக் கிள்ளுவது எவ்வாறு, நிறுவையின்போது எதனைக் கவனிக்க வேண்டும், யாருடைய சொல்லை நம்பக்கூடாது என்பன ஒரு வகை. கங்காணியின் முன் தலை நிமிர்ந்து பேசாதே, நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்பன மற்றொரு வகை. முதலாவது அனுபவத்தின் அறிவு. இரண்டாவது அடக்குமுறையின் அறிவு. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே அன்புடன், சில வேளைகளில் ஒரே வாக்கியத்தில் வருகின்றன.

இத்தாலிய மார்க்சியரான கிராம்சி தமது சிறைக் குறிப்புகளில் மக்களின் பொதுப்புத்தி ஒருமைப்பாடற்றது என்றும், ஆதிக்கக் கருத்துநிலையின் எச்சங்களும் உழைக்கும் வாழ்விற் பிறந்த நல்லறிவின் கருவும் அதனுட் கலந்து கிடக்கின்றன என்றும் விளக்கியுள்ளார். தாயின் போதனை எனப்படுவது இப்பொதுப்புத்தியின் மிகச் செறிவான வடிவம் எனலாம். ஆகவே அதனை முற்றாகப் போற்றுவதும் முற்றாக நிராகரிப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்களாகும். அதனைப் பகுத்தறிதலே வேண்டப்படுவது. அப்பகுப்பினைப் பிள்ளை செய்வதற்கு முன்பே தாய் தானாகச் செய்யத் தொடங்கும் தருணங்கள் உண்டு. இலக்கியத்துக்கு உரிய தருணங்கள் அவையே.

3

தமிழிலக்கியத்தில் தாயின் போதனை என்றவுடன் நினைவுக்கு வருவன புறநானூற்றின் மறத்தாயர் பற்றிய பாடல்கள். பொன்முடியார் பாடிய 312 ஆம் பாடல், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278 ஆம் பாடல், ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279 ஆம் பாடல் ஆகிய மூன்றும் பள்ளிப் பாடநூல்களினூடாகவும் மேடைகளினூடாகவும் பலரும் அறிந்தவை.

இவற்றுள் 312 ஆம் பாடல் ஒரு வேலைப்பங்கீட்டுப் பட்டியல் போன்று அமைந்திருப்பது மனங்கொளத்தக்கது. ஒரு வீரன் உருவாவதற்குத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர் ஆற்ற வேண்டிய கடன்கள் முறையே கூறப்பட்டு, இறுதியில் அவ்வீரன் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் சொல்லப்படுகின்றது. தாய் முதலிற் குறிக்கப்படுகின்றாள். ஆனால் அவளது பணி பெற்று வளர்ப்பதுடன் முடிவடைகின்றது. எதற்காகப் போர், யாருக்காகப் போர் என்னும் வினாக்களுக்குப் பாடலில் இடமில்லை. வேந்தனின் தேவை தாயின் கடமையாக உருமாறி அவள் குரலிலேயே ஒலிக்கின்றது.

இதனைக் கூறும்போது அப்பாடல்களை அவற்றின் காலத்திலிருந்து பிரித்துக் குற்றஞ்சாட்டுவது நம் கருத்தன்று. ஆநிரை கவர்தலும் மீட்டலும், குறுநில மன்னரிடையே இடையறாத பூசல்களும் பொருளியல் வாழ்வின் பகுதிகளாக இருந்த ஒரு சமூக அமைப்பின் வெளிப்பாடுகள் அவை. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் வீரயுகக் கவிதை' பற்றிய ஆய்வில் இவற்றைப் பிற நாட்டு வீரயுகப் பாடல்களுடன் ஒப்பிட்டு விளக்கிய முறை இன்றும் நமக்கு வழிகாட்டத்தக்கது. அத்தகைய சமூகத்தில் வீரன் ஒருவனின் சாவு அவன் குடும்பத்தின் நிலையையும் தீர்மானித்தது. புறங்காட்டியவனின் தாய்க்கு ஊரில் இடமில்லை. 278 ஆம் பாடலில், மகன் களத்திலிருந்து ஓடினான் என்று பலர் சொல்லக் கேட்ட முதியவள் வாளுடன் களம் புகுந்து பிணங்களைப் புரட்டிப் பார்க்கின்றாள். சிதைந்து கிடக்கும் அவனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கின்றாள். அந்த மகிழ்ச்சியின் பின்னால் ஊரின் வாய் இருப்பதை நாம் மறத்தலாகாது.

இப்பாடல்களைப் பாடியோர் பெண்பாற் புலவராகக் கொள்ளப்படுவதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒக்கூர் மாசாத்தியாரின் பாடலைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு நுட்பம் புலப்படும். முன்னைய நாட்போரில் நெருங்கிய உறவினனையும், நேற்றைய ஆநிரைப் போரிற் கணவனையும் இழந்த ஒருத்தி, இன்று பறையொலி கேட்டவுடன் தன் ஒரே மகனை அழைத்து, வெள்ளாடை உடுத்தி, உலர்ந்த குடுமியில் எண்ணெய் தடவிச் சீவி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சீவிவிடும் அதே கைதான் வேலையும் கொடுக்கின்றது. பாடலின் தொடக்கத்தில், இவளது உள்ளத்தை நோக்கிப் புலவர் வெளியிடுவது ஒரு திடுக்கீட்டையே. வியப்பும் பாராட்டும் அதன் பின்னரே வருகின்றன. உரைகாரர் இதனைப் புகழ்ச்சியின் ஒரு வகையாகக் கொள்வர். அவ்வாறே கொண்டாலும், அத்திடுக்கீட்டின் எச்சம் பாடலில் தங்கியே நிற்கின்றது. புலவர் அத்தாயுடன் முற்றாக ஒன்றிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டு மேடைகள் இந்த இடைவெளியைத்தான் முதலில் அழித்தன.

தமிழகத்துத் திராவிட இயக்க மேடைகளிலும் பின்னர் ஈழத்து விடுதலைப் போராட்டக் காலத்திலும் இம்மறத்தாய் மீண்டும் அழைத்துவரப்பட்டாள். தமிழ்த் தேசியவாதம் பெண்ணை எவ்வாறு கட்டமைத்தது என்பது பற்றிச் சித்திரலேகா மௌனகுரு 1990 களில் எழுதியவை, 'வீரத்தாய்' என்னும் உருவம் ஓர் அரசியற் தேவைக்காக எவ்வாறு பயன்பட்டது என்பதைத் தெளிவுபடுத்தின. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஒரு சமூகத்தின் நெருக்குதல் இங்கே தமிழ்த் தாயின் நிரந்தர இயல்பாக மாற்றப்பட்டது. மகனை மனமுவந்து அனுப்பாதவள், ஒளித்து வைத்தவள், வெளிநாட்டுக்கு அனுப்ப நகையை விற்றவள், பிள்ளையைத் திருப்பிக் கேட்டு வாயிலில் நின்றவள் ஆகியோர் இவ்வுருவத்தினுள் அடங்காதவராயினர். நம் மண்ணில் வாழ்ந்த தாயருட் பெரும்பாலோர் இவர்களே என்பதை யாவரும் அறிவர்.

4

கார்க்கியின் 'தாய்' நாவல் 1906 இல் எழுதப்பட்டது. சோர்மவா என்னும் தொழிற்பேட்டையில் 1902 இல் நிகழ்ந்த மேதின ஊர்வலமும், அதில் கைதான பியோத்தர் சலோமவ், அவருடைய தாயார் அன்னா சலோமவா ஆகியோரின் வாழ்வும் அதற்கு மூலப்பொருளாயின. தமிழில் தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பினூடாக இந்நாவல் தலைமுறைகள் பலவற்றைச் சென்றடைந்தது. நம்மிற் பலர் அரசியல் நூல் எதனையும் வாசிக்குமுன் அதனையே வாசித்தோம்.

ஆயினும் நாம் அதனைச் சரியாக வாசித்தோமா என்பது ஐயத்திற்குரியது. நம் எழுத்தாளர் பலர் அந்நாவலிலிருந்து எடுத்துக்கொண்டது மகன் பாவெலையே. நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்று உரையாற்றும் அவ்விளைஞனின் சாயல்கள் நமது சிறுகதைகளிலும் நாவல்களிலும் பல உண்டு. உண்மையில் கலைநோக்கிற் பார்த்தால் நாவலின் பலவீனமான பாத்திரம் பாவெலே. அவன் மாற்றமடைவது தொடக்கத்துச் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகின்றது. அதன் பின் அவன் சொல்பவை யாவும் சரியானவை, சரியானவை மட்டுமே. நாவலுக்கு உயிரூட்டுபவள் அவனுடைய தாய் பெலகேயா நீலவ்னாவே. ஏனெனில் அவள்தான் கற்கின்றாள்.

அவள் கற்கத் தொடங்குமுன் அவளிடம் இருந்தது என்ன? குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து பெற்ற அச்சம். அந்த அச்சமே அவள் உடலின் அசைவாகிவிட்டது. யார் மீதும் இடித்துவிடக்கூடாது என்பதுபோல ஒருபுறமாகச் சாய்ந்தே நடக்கின்றாள். கணவன் இறந்த பின்னர் மகனும் முதலில் தகப்பனைப் போன்றே குடிக்க முனைகின்றான். பின்னர் தடைசெய்யப்பட்ட நூல்களுடன் வீட்டுக்கு வருகின்றான். அவள் அஞ்சுகின்றாள். அவ்வச்சத்தைக் கார்க்கி ஒரு பக்கத்திற் போக்கிவிடவில்லை. நாவலின் முழு நீளமும் அவ்வச்சம் அடிக்கு அடி குறைந்து செல்வதன் வரலாறே ஆகும்.

அவள் கற்கும் முறை கவனத்திற்குரியது. மகனின் தோழன் அந்திரேய் அவளுக்கு எழுத்துக் கற்பிக்க முன்வருகின்றான். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டும்போது அவளுக்கு வெட்கமும் அழுகையும் வருகின்றன. கற்றலின் இவ்வெட்கத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய எழுத்து அரிது. மகன் சிறையிலிருக்கும்போது, உணவு விற்கும் ஒருத்தியின் உதவியாளாக ஆலையுட் சென்று, ஆடைக்குள் மறைத்த துண்டுப்பிரசுரங்களைத் தொழிலாளரிடம் சேர்க்கின்றாள். இங்கே இரண்டு விடயங்களை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். முதலாவதாக, அவளது நோக்கம் தொடக்கத்திற் புரட்சியன்று. மகன் இல்லாதபோதும் பிரசுரங்கள் தோன்றினால் அவன்மீதுள்ள சந்தேகம் குறையும் என்பதே. தாய்ப்பாசம் அரசியலுக்குத் தடையாகாமல் அதன் நுழைவாயிலாகின்றது. இரண்டாவதாக, அவள் பயன்படுத்துவது சமையலறையின் திறமையையே. சோறு பரிமாறும் பெண்ணை யாரும் உற்று நோக்கார் என்பதை அவள் வாழ்நாள் முழுவதும் அறிந்திருக்கின்றாள். அவமதிப்பாக இருந்த அறிவு ஆயுதமாகின்றது.

அதே வேளை, கற்கும் தாய் வெறுங்கலமாகக் காட்டப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கதாகும். அவள் தன் கிறிஸ்துவை விட்டுவிட மறுக்கின்றாள். இளைஞர் கடவுளைப் பற்றி ஏளனமாகப் பேசும்போது, துயரத்தில் தான் சாய்ந்துகொள்ள வேறு எதுவும் தனக்கில்லை என அவர்களைத் தடுக்கின்றாள். மகனின் தோழரனைவரையும் தன் பிள்ளைகளாகக் காணும் பார்வையை அவர்களுக்கு அவளே அளிக்கின்றாள். கோட்பாடு அவளிடமிருந்து இரக்கத்தைக் கற்கின்றது. இரக்கம் கோட்பாட்டிலிருந்து திசையைக் கற்கின்றது. வரட்டு மார்க்சியர் இப்பகுதிகளை நாவலின் குறைபாடு எனக் கருதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாவலின் இயங்கியல் இப்பகுதிகளிலேதான் உள்ளது.

இறுதியில், மகனின் நீதிமன்ற உரை அச்சிடப்பட்ட பிரதிகளுடன் ஒரு பெட்டியைச் சுமந்து அவள் புகையிரத நிலையத்தில் நிற்கின்றாள். உளவாளி அவளை அடையாளம் காண்கின்றான். பெட்டியை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றுகின்றது. கணவனுக்கு அஞ்சிய அதே பழைய அச்சம் கடைசி முறையாகத் தலைகாட்டுகின்றது. அவளைத் திருடி என்கின்றனர். அவ்வேளையிலேயே அவள் பெட்டியைத் திறந்து பிரதிகளை மக்கள்மீது வீசுகின்றாள். உரையை எழுதியவன் மகன். அதனை மக்களின் கையிற் சேர்ப்பவள் தாய். பாவெலின் சொற்களுக்கு அவற்றின் முழுப் பொருள் அவள் கையிலேயே கிடைக்கின்றது.

5

இந்நாவலைத் தழுவிப் பிறெக்ட் ஆக்கிய 'தாய்' நாடகம் 1932 இல் பேர்லினில் மேடையேறியது. ஹான்ஸ் ஐஸ்லர் இசையமைத்தார். ஹெலன வைகல் தாயாக நடித்தார். நாடகம் ஒரு சூப்புடன் தொடங்குகின்றது. கூலி குறைக்கப்பட்டுவிட்டது, மகனுக்கு நல்ல சூப்பு வைக்க இயலவில்லை, என்ன செய்வதென்று தாய்க்குத் தெரியவில்லை. அவளது சமையற்றிறன் எவ்வளவு உயர்ந்தாலும் கூலி உயராமல் சூப்பு நன்றாகாது என்பதே அவள் கற்கும் முதற்பாடம். வீட்டுச் சிக்கனத்தின் எல்லை அங்கே வரையறுக்கப்படுகின்றது. நமது கல்வெட்டுப் பாடல்கள் போற்றும் சிக்கனம் பற்றி இதனைவிடக் கூர்மையான விமரிசனத்தை நாம் கண்டதில்லை.

ஏழாண்டுகளின் பின், 1939 இல், நாடுகடந்து சுவீடனில் வாழ்ந்த பிறெக்ட் வேறொரு தாயைப் படைத்தார். 'தைரியத் தாயும் அவள் பிள்ளைகளும்' என்னும் அந்நாடகம் 1941 இல் சூரிச்சிலும், 1949 இல் பேர்லினிலும் மேடையேறியது. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சிதைத்த முப்பதாண்டுப் போரின் பின்னணியில், வண்டியொன்றை இழுத்துக்கொண்டு படைகளின் பின்னே சென்று பொருள் விற்கும் அன்னா பீர்லிங் என்பவளின் கதை அது. 'தைரியத் தாய்' என்ற பெயர் அவளுக்கு வந்த வகையே நகைமுரண் நிறைந்தது. வண்டியிலிருந்த பாண் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதற்காகவே அவள் பீரங்கிக் குண்டுகளினூடே வண்டியைச் செலுத்தினாள்.

இத்தாயும் கற்பிக்கின்றாள்; ஓயாது கற்பிக்கின்றாள். மூத்த மகன் எய்லிப்பின் வீரம், இளைய மகன் சுவிஸ் சீஸின் நேர்மை, ஊமை மகள் கத்ரினின் இரக்கம் ஆகிய நற்குணங்கள் ஒவ்வொன்றும் போரில் உயிரைப் பறிக்கும் என்பதை அவள் அறிவாள், அவர்களை எச்சரிக்கின்றாள். நால்வர் தாக்கியபோது சரணடையாமற் சண்டையிட்ட மகனைத் தளபதி பாராட்ட, அவள் அவன் கன்னத்தில் அறைகின்றாள். புறநானூற்றுத் தாய்க்கு நேர் எதிரான தாய் இவள். மகனின் வீரத்தில் அவளுக்குப் பெருமையில்லை. அவன் உயிரோடிருந்தாற் போதும்.

அவ்வாறாயின் அவள் ஏன் மூவரையும் இழக்கின்றாள்? அவள் ஓர் இடைவாருக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் வேளையில் எய்லிப் படையிற் சேர்க்கப்படுகின்றான். இளையவனை மீட்பதற்கான கையூட்டுத் தொகையில் அவள் பேரம் பேசித் தாமதிக்க, அவன் சுடப்படுகின்றான். தன்னைக் காத்துக்கொள்வதற்காக அவன் உடலை அறியாதவள்போல் நிற்க நேர்கின்றது. போரில் எதற்காகப் பாராட்டப்பட்டானோ அதே செயலைச் சிறிது காலச் சமாதானத்தின்போது செய்தமைக்காக எய்லிப் கொல்லப்படுகின்றான். அவள் வியாபாரத்துக்காக நகருக்குச் சென்றிருக்கும் வேளையில், உறங்கும் ஹாலே நகர மக்களை எச்சரிக்கக் கூரைமீதேறிப் பறையடித்த கத்ரின் சுடப்படுகின்றாள். போருக்கு எதிராகப் பிள்ளைகளை எச்சரித்தவளின் பிழைப்பே போரில் தங்கியிருக்கின்றது. அவளது போதனையும் அவளது வாழ்க்கையும் ஒன்றையொன்று தின்கின்றன. ஒரு காட்சியில் மகளின் முகத்திற் காயத்தைக் கண்டு போரைச் சபிக்கின்றாள்; அடுத்த காட்சியில் வியாபாரம் செழிக்க, அதே போரைப் புகழ்கின்றாள்.

இறுதிக் காட்சியில் அவள் இறந்த மகளுக்குத் தாலாட்டுப் பாடுகின்றாள். பின் அடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, வண்டியைத் தனியே இழுத்துக்கொண்டு மீண்டும் படையின் பின்னே செல்கின்றாள். சூரிச்சில் இக்காட்சியைக் கண்டோர் தாயின் அழியாத தாங்குசக்தி எனக் கண்ணீர் சிந்தினர். பிறெக்ட் மனநிறைவு கொள்ளாது சில காட்சிகளைத் திருத்தினார். 1949 இல் நாடகாசிரியர் பிரீட்ரிக் வொல்ப் அவருடன் விவாதித்தார். இவ்வளவையும் இழந்த தாய் இறுதியிலாவது உண்மையை உணர்பவளாக மாறியிருக்க வேண்டாமா என்பதே வொல்ப் எழுப்பிய வினா. அவள் எதனையும் கற்காவிடினும் அவளைக் காண்பவர் கற்கலாம் என்பதே பிறெக்ட் தந்த விடையின் சாரமாகும்.

சோஷலிச யதார்த்தவாதத்தை ஒரு சூத்திரமாகக் கொண்டோர் வொல்ப்பின் பக்கமே நிற்பர். நாம் இவ்விடயத்திற் பிறெக்ட்டின் பக்கம் சாய்கின்றோம். துன்பம் தானாகவே மனிதரைத் தெளிவடையச் செய்யும் என்பது ஒரு மதநம்பிக்கை, மார்க்சியமன்று. நீலவ்னாவுக்குத் துன்பம் மட்டும் இருக்கவில்லை. எழுத்துக் கற்பித்த தோழர்களும் அவள் ஏற்றெடுத்த ஒரு பணியும் இருந்தன. அன்னா பீர்லிங்குக்கு வண்டி மட்டுமே இருந்தது. தாயின் கற்றலுக்கு அவளது இயல்பு அல்ல, அவள் சேர்ந்திருக்கும் இயக்கமே நிபந்தனையாகின்றது. அத்துடன், இந்நாடகத்தில் உண்மையிற் கற்றவள் ஒருத்தி உண்டு. பேச இயலாத கத்ரின், 'ஒதுங்கியிரு, உன்னைக் காத்துக்கொள்' என்று தாய் வாழ்நாள் முழுவதும் கற்பித்ததை மீறுகின்றாள். பிறர் பிள்ளைகள் உறங்குகின்றனர் என்ற ஒரே காரணத்துக்காகப் பறையை எடுக்கின்றாள். தாயின் பாடத்தை மீறுவதன் மூலம் தாய்மையின் பொருளை அவளே நிறைவேற்றுகின்றாள்.

6

மேற்கூறியவை ஏட்டளவிலான ஒப்பீடுகளாக மாத்திரம் நின்றுவிடுமாயின் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. நம் நாட்டின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவை நம் வாயிலுக்கே கொண்டுவந்துள்ளது.

1984 இல் யாழ்ப்பாணத்தில், கைது செய்யப்பட்ட இளைஞரின் விடுதலையைக் கோரி அன்னையர் முன்னணி தோன்றியது. 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சிக் காலத்தில் தென்னிலங்கையிற் காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞரின் தாயர் 1990 யூலையில் மாத்தறையில் மற்றொரு அன்னையர் முன்னணியை அமைத்தனர். அவர்கள் கோயில்களிற் தெய்வங்களிடம் முறையிட்டுச் சபிக்கும் பழஞ்சடங்கைப் பகிரங்க எதிர்ப்பாக மாற்றினர். 2009 இற் போர் முடிவடைந்த பின்னர், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியிற் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். பிள்ளையின் முடிவு தெரியாமலே அப்போராட்டக் காலத்தில் மாண்ட பெற்றோர் பலர்.

இவ்வியக்கங்களின் மட்டுப்பாடுகளை நாம் அறியாதவரல்லர். தாய் என்ற தகுதியில் மாத்திரமே ஒரு பெண் வீதியிற் பேச இயலுமாயின், தாயாகாத பெண்ணின் குரலுக்கு என்ன இடம் என்ற வினாவைப் பெண்ணியச் சிந்தனையாளர் நியாயமாகவே எழுப்பியுள்ளனர். கட்சிகளும் அமைப்புகளும் இத்தாயரைத் தத்தம் தேவைக்கேற்ப முன்னிறுத்தியதும், பின்னர் மறந்ததும் உண்மையே. எனினும் இலக்கிய மாணவர் என்ற வகையில் நாம் காண்பது வேறொன்றாகும். முன்பு தனியே நகரத்துக்குச் சென்றறியாத பெண்கள் ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று கற்றனர். ஆணைக்குழுக்களின் முன் சாட்சியம் சொல்லக் கற்றனர். படிவத்தின் எந்த இடத்திற் கையொப்பமிடக்கூடாது என்பதைக் கற்றனர். மரணச் சான்றிதழும் இழப்பீடும் விடையாகா என்று சொல்லக் கற்றனர். கார்க்கி காட்டிய கற்றல் இங்கே நடைபெற்றுள்ளது, நடைபெறுகின்றது.

நம் இலக்கியம் இதனை எவ்வாறு எழுதியது? பெரும்பாலும் கண்ணீராக எழுதியது. புகைப்படத்தை ஏந்திய முதியவள், வாயிலை நோக்கிய விழிகள், ஆறாத் துயர் என்று எழுதியது. மறத்தாயின் இடத்தில் இப்போது துயரத்தாய் அமர்த்தப்பட்டுள்ளாள். இருவரும் அசையாத சிலைகளே. முன்னவள் பெருமையைக் கற்பித்தாள்; பின்னவள் பொறுமையைக் கற்பிக்கின்றாள். ஓர் ஆணைக்குழு அதிகாரியின் கேள்வியில் இருந்த பொறியை அவள் எப்போது கண்டுகொண்டாள், பக்கத்திலிருந்த வேறொரு தாயிடமிருந்து எதனை அறிந்தாள், தன் மகன் செய்தவற்றுள் எதனை அவளால் ஏற்க இயலவில்லை என்பவற்றை எழுதும் நாவல் வரவேண்டும். அது வருமாயின், அவளிடமிருந்து நாம் கற்க வேண்டியவை பல உள.

7

நம் தலைமுறையிற் பலர் அதிகம் படித்திராத தாயரின் பிள்ளைகள். 1940 களில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் பின்னர் தாய்மொழிக் கல்வியும் இல்லாவிடின் நம்மிற் பெரும்பாலோர் இத்தகைய ஆய்வேடுகளில் எழுதியிருக்க மாட்டோம். ஆகவே தாயைப் பற்றி எழுதும்போது நம் பேனா நன்றியுணர்வின் பக்கம் சாய்வது இயல்பே. ஆனால் அந்நன்றியுணர்வினுள் ஒரு மேலாண்மை ஒளிந்திருப்பதை நாம் உணர்ந்திருத்தல் வேண்டும். தாயைப் பொறுமையின் உருவமாக்கிப் போற்றும் படித்த மகன், அவள் இன்னமும் கற்கக்கூடியவள், தன்னுடன் வாதிடக்கூடியவள், தன்னையே திருத்தக்கூடியவள் என்பதை ஏற்க மறுக்கின்றான். வணக்கம் என்பது சில வேளைகளில் வாயடைத்தலின் மரியாதையான வடிவமாகும்.

தாயிடமிருந்து கற்ற பாடங்கள் என்று நாம் எழுதப்புகும்போது, அவள் சொன்னவற்றைப் பட்டியலிடுவது எளிது. அவள் சொன்னவற்றுட் பாதி அவளுக்குச் சொல்லப்பட்டவை. அவளுக்குச் சொல்லப்பட்டவற்றிலிருந்து அவள் எங்கே விலகினாள், எதற்கு அஞ்சினாள், அவ்வச்சம் எந்நாளிற் சிறிது குறைந்தது என்பவற்றைத் தேடி எழுதுவதே கடினமானது, பயனுடையதும் அதுவே. அடுத்த முறை ஒரு கல்வெட்டுக்குப் பாடல் வேண்டும் என்று ஒருவர் நம்மிடம் வருவாராயின், பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்காமல், உங்கள் தாயார் கடைசியாக எதனைக் கற்றுக்கொண்டார் என்று அவரைக் கேட்போம். விடை தெரியாதெனின், அவரைவிட நாமும் அதிகம் அறிந்தவரல்லர் என்பதை ஒப்புக்கொண்டு அங்கிருந்தே நமது ஆராய்ச்சியைத் தொடங்கலாம்.